ரி.பி.ஏ பிறபொருளெதிரி: புளொட்டில் மூண்டு பட்டைகள் வந்தால்

பீடத்துப் பிள்ளை
மனித எண்டோதீலியக் (குருதிக்குழாய் உட்சுவர்க்) கலங்களின்ரை ஊடகத்திலை ரி.பி.ஏ (குருதிக்கட்டியைக் கரைக்க உதவுற நொதியம்) தேடி வெஸ்டர்ன் புளொட் (புரதங்களை ஜெல்லிலை பருமன்படி பிரிச்சுப் பிறபொருளெதிரியாலை கண்டுபிடிக்கிற சோதனை) போட்டால், 70 கிலோடால்டனிலை வரவேண்டிய பட்டையோடை 110இலும் 33க்குக் கிட்டவும் பட்டை வருது. பிளாஸ்மாவிலை ஒண்டுமே இல்லை. பிறபொருளெதிரி பழுதோ?

சுன்னாகம் அண்ணை
தங்கச்சி, அதைக் குறை சொல்ல முதல் மாதிரியைப் பாருங்கோ. மூண்டும் ரி.பி.ஏயாய் இருக்க நல்ல சாத்தியம்.

110 எண்டது ரி.பி.ஏயும் அதின்ரை நிரோதியான பி.ஏ.ஐ-1உம் ஒட்டின சிக்கல். எஸ்.டி.எஸ்ஸிலை (புரதத்தை விரிக்கிற சவர்க்காரப் பொருள்) கொதிக்க வைச்சாலும் பிரியாது. 33 வாறதுக்குக் காரணம் பிளாஸ்மின் எண்ட புரதம் வெட்டுற நொதியம். அது 275ஆம் ஆர்ஜினினுக்கும் 276ஆம் ஐசோலூசினுக்கும் நடுவிலை வெட்டும். வெட்டின ரெண்டு சங்கிலியையும் ஒரு இருசல்பைட்டுப் பாலம்தான் பிடிச்சு வைச்சிருக்கு. டி.ரி.ரி எண்ட ஒடுக்கி போட்டால் பாலம் உடைஞ்சு துண்டுகள் 30க்கும் 40க்கும் இடையிலை இறங்கும்.

உறுதிப்படுத்த, அதே மாதிரியை டி.ரி.ரி போட்டும் போடாமலும் ஓட்டுங்கோ. ரெண்டுக்கும் நடுவிலை ஒரு கிணறாவது வெறுமையாய் விடவேணும், இல்லாட்டி டி.ரி.ரி பக்கத்துக்குக் கசிஞ்சு அதையும் உடைக்கும். போடாத பக்கத்திலை 33 மறைஞ்சு 70 தடிச்சால் விடை கிடைச்சிட்டுது. ஆனால் ஒண்டு: இந்தப் புரதத்திலை 17 இருசல்பைட்டுப் பாலங்கள் இருக்கு. இயல்பான வடிவத்தை மட்டும் அடையாளம் காணுற ஒற்றைக்குலப் பிறபொருளெதிரி எண்டால், டி.ரி.ரி போட்ட பக்கம் முழுக்க வெறுமையாய் வரலாம். பிறபொருளெதிரியோடை வந்த தாளிலை 'ஒடுக்கப்படாத நிலை' எண்டு கிடக்கோ பாருங்கோ.

வெட்டைத் தடுக்க ஊடகம் எடுக்கேக்கையே அப்ரோற்றினின் சேருங்கோ. 0.01% ட்வீன் 80உம் வேணும், ரி.பி.ஏ பிளாஸ்ரிக்கிலை நல்லா ஒட்டும்.

நல்லூர் அக்கா
பிளாஸ்மாவிலை வராதது கணக்கு விசயம். ஆறுதலாய் இருக்கிற ஆளின்ரை பிளாஸ்மாவிலை ரி.பி.ஏ மில்லிலீற்றருக்கு 5 நானோகிராம் அளவு. நீங்கள் ஏத்திற 40 மைக்ரோகிராம் புரதம் அரை மைக்ரோலீற்றர் பிளாஸ்மாதான், அதிலை ரி.பி.ஏ ஏறத்தாழ 3 பிக்கோகிராம். போதாக்குறைக்கு 66இலை அல்புமின் குவிஞ்சு நிண்டு 70ஐ வளைச்சு விடும். பிளாஸ்மாவுக்கு எலைசா (தட்டுக் குழிகளிலை பிறபொருளெதிரியாலை அளவெடுக்கிற சோதனை) தான் சரி, பிள்ளை.

எலைசாவிலையும் குருதி எடுக்கிற விதம் முடிவை மாத்தும். கையைக் கனநேரம் இறுக்கிக் கட்டினால் குழாய்ச் சுவரிலை இருந்து ரி.பி.ஏ வெளியாலை வந்திடும். பி.ஏ.ஐ-1 விடியப்புறம் உச்சத்திலை நிக்கும், அதாலை எல்லாரிட்டையும் ஒரே நேரத்திலை எடுங்கோ. சுயாதீன ரி.பி.ஏ வேணுமெண்டால் சாதாரண சிற்றேற்றுக் குழாய் காணாது, அதுக்குள்ளையும் சிக்கல் உண்டாகிக்கொண்டே இருக்கும். அமிலப்படுத்தின சிற்றேற்றுக் குழாய் வேணும். அல்ரிப்ளேஸ் (மருந்தாய்ச் செய்த ரி.பி.ஏ) ஏத்தின நோயாளியின்ரை மாதிரியை விலக்குங்கோ. மருந்தும் உடம்பின்ரை ரி.பி.ஏயும் பிறபொருளெதிரிக்கு ஒண்டுதான்.

கோண்டாவில்
எங்கடை வெக்கைக்கு ரெண்டு சொல்லு. நெறிமுறைத் தாள்களிலை 'அறை வெப்பநிலை' எண்டது 20–25 பாகை. இஞ்சை மத்தியானம் 30ஐத் தாண்டும். 5% கொழுப்பு நீக்கின பால்மாக் கரைசலைக் காலமையே புதுசாய்க் கலக்குங்கோ, பிறபொருளெதிரியை 4 பாகையிலை இராமுழுக்க விடுங்கோ. அமோனியம் பேர்சல்பேற்று ஈரம் பிடிச்சால் ஜெல் இறுகாது. போத்தலைச் சிலிக்கா ஜெல்லோடை மூடி வையுங்கோ.

வந்த பிறபொருளெதிரியை அண்டைக்கே 10 மைக்ரோலீற்றர்ப் பங்காய்ப் பிரியுங்கோ. தானே பனியுருக்கிற உறைபெட்டி கூடாது, அது இடைக்கிடை சூடேறி இறங்கும். மின்வெட்டுக்குப் பெட்டிக்குள்ளை பனிக்கட்டிப் பைகளை நெருக்கி அடுக்குங்கோ. சோடியம் ஏசைட்டுப் போட்ட கரைசலிலை பெரொக்சிடேஸ் இணைச்ச இரண்டாம் பிறபொருளெதிரியைக் கலக்கவே கூடாது, நொதியம் செத்துப்போம், புளொட் வெள்ளையாய்த்தான் வரும்.

பீடத்துப் பிள்ளை
அண்ணை, 70 பட்டையே ரெண்டாய்ப் பிரிஞ்சு நிக்குது. அதுவும் சரியோ?

சுன்னாகம் அண்ணை
சரி. 184ஆம் அஸ்பராஜினிலை சர்க்கரைச் சங்கிலி உள்ள வகையும் இல்லாத வகையும். சந்தேகம் இருந்தால் கேசினும் பிளாஸ்மினோஜெனும் (பிளாஸ்மினின்ரை முன்வடிவம்) கலந்த ஜெல்லிலை சைமோகிராம் (நொதியம் வேலை செய்யுதோ எண்டு ஜெல்லிலையே காட்டுற சோதனை) போடுங்கோ. மாதிரியைக் கொதிக்க வைக்காதேங்கோ, டி.ரி.ரியும் வேண்டாம். ஓடி முடிய 2.5% ட்ரைற்றன் எக்ஸ்-100இலை கழுவி எஸ்.டி.எஸ்ஸை அகற்றி, 37 பாகையிலை இராமுழுக்க வையுங்கோ. நீலச் சாயத்திலை வெளிறின பட்டை எண்டால் நொதியம் உயிரோடை இருக்கு. அமிலோரைட் சேர்த்தும் 70இலை வெளிறல் நிண்டால் அது ரி.பி.ஏ, அதே வேலை செய்யிற மற்ற நொதியமான யூரோகைனேஸ் எண்டால் அடங்கிப்போம்.