இரண்டு போனோ பிறீஅம்ப்பிலும் ஒலி கிழிகிறது; மூன்றாவதாக எதை எடுக்கலாம்?

கொக்குவிலான்:
வணக்கம். கெதியாக ஒரு யோசனை வேணும். அப்பாவின் பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்க டேர்ன்டேபிளும், அதன் மெல்லிய ஒலியை அம்பிளிபயருக்கு ஏற்றபடி பெருக்கும் போனோ பிறீஅம்ப்பும் எடுத்தேன். அடி ஒலி (பேஸ்) மட்டும் பொம்மென்று அடைக்கிறது, குரல் ஏறும் இடத்தில் கிழிகிறது. சிநேகிதனுடைய பிறீஅம்ப்பை வாங்கி மாட்டினேன், அதிலும் அதே கதை. ஞாயிறு அப்பாவுக்கு 75 வயது. அதற்குள் கொழும்பிலிருந்து வேறொன்று எடுப்பிக்க வேண்டும். எது நல்லது?

வடலி78:
என்ன டேர்ன்டேபிள், என்ன காட்ரிட்ஜ் (ஊசி பூட்டிய முனை), என்னென்ன பிறீஅம்ப்? ஒன்றையும் சொல்லவில்லையே தம்பி. பிறீஅம்ப்பிலிருந்து வரும் வயரை அம்பிளிபயரில் எங்கே குத்தியிருக்கிறீர்கள்? போனோ என்று எழுதிய துளையிலா?

பனங்காட்டு ஒலி:
எர்த்தைப் பாருங்கோ. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், ஆடி ஆவணியில் எர்த் கம்பியடி காய்ந்து கிடக்கும். நான் மூன்று மாதம் இரைச்சலோடு மல்லுக்கட்டினேன். டேர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயரை பிறீஅம்ப்பின் திருகில் முடுக்கிய பிறகுதான் அடங்கியது. புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள்.

ஒலிமணி:
எர்த் பிழையென்றால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வரும், குரல் கிழியாது. இதை எத்தனை தடவை எழுதிவிட்டேன். பிறீஅம்ப் என்ன வேலை செய்கிறது என்று விளங்காமல் அதை வாங்கப் போகக் கூடாது தம்பி. தட்டை வெட்டும்போதே அடியைக் குறைத்து உச்சத்தைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அடியை அப்படியே விட்டால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுத்தான் கொள்ளும். 1954இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டுக் கம்பனிகளின் சங்கம்) வளைவின்படி பிறீஅம்ப் அதை நேராக்க வேண்டும்: 20 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் கூட்ட வேண்டும், 20,000 ஹேர்ட்ஸில் அதேயளவு குறைக்க வேண்டும். அதோடு காட்ரிட்ஜ் தரும் சில மில்லிவோல்டை நூறு மடங்காக்கவும் வேண்டும். மலிவுப் பெட்டிகளிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

கொக்குவிலான்:
மலிவு இல்லை ஐயா. என்னுடையது ஏஆர்டி டிஜே பிறீ டூ, சிநேகிதனுடையது ரீகா போனோ எம்எம். வயர் அம்பிளிபயரின் ஆக்ஸ் என்ற சாதாரண ஒலித் துளையில்தான் போகிறது. எர்த்தும் கட்டியிருக்கிறேன்.

செம்மண்:
இரண்டும் நல்ல சாமான். ரீகாவில் திருப்ப ஒன்றுமில்லை, மாட்டிவிட்டுப் பாட்டைக் கேட்கலாம். ஏஆர்டியில் கெயின் குமிழ் இருக்கிறது, அடி அதிர்வை வெட்டும் விசையும் இருக்கிறது. எங்கள் வெயிலில் வளைந்துபோன தட்டுகளுக்கு அந்த விசை பெரிய உதவி. மின் கொள்ளளவை (கப்பாசிட்டன்ஸ்) 100, 200 பிகோபரட் என்று மாற்றவும் முடியும். 100க்கு மாற்றிப் பாருங்கோ, வயரின் கொள்ளளவும் சேர்ந்து ஒலியைக் கெடுக்கும்.

வடலி78:
கொள்ளளவு மேல் ஸ்தாயியைத்தான் தொடும் அண்ணை, அடி இடிப்பதற்கு அது காரணமில்லை. தம்பி, டேர்ன்டேபிள் மொடல்? தட்டுகள் எந்த வேகம்?

கொக்குவிலான்:
கூடுதலாக நிமிடத்துக்கு 33 சுற்றுத்தான். நாலைந்து 78 இருக்கிறது, ராஜரத்தினம்பிள்ளையின் நாதஸ்வரம். அப்பாவுக்கு அதுதான் உயிர்.

ஒலிமணி:
78ஐ எல்பி (33 வேகத் தட்டு) ஊசியால் தொடவே வேண்டாம்! எல்பி ஊசியின் முனை 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78க்கு 3 மில் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் போய்த் தூசியில் உழும். ஆர்ஐஏஏயும் அந்தத் தட்டுகளுக்குப் பொருந்தாது, அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பனியும் தன் வளைவில் வெட்டியது.

பனங்காட்டு ஒலி:
நான் பத்து வருசமாக எல்பி ஊசியால்தான் கேட்கிறேன். சீவாளியின் உயிர் எனக்குக் கேட்கிறது. வயது போன மனிதர் ஒரு நாள் கேட்டுச் சந்தோசப்படுவதற்கு மில் கணக்குப் பார்க்க வேணுமா?

ஒலிமணி:
ஒரு நாள் கேட்பதற்காகத் திரும்பக் கிடைக்காத தட்டைப் பணயம் வைக்கிறீர்கள். அரக்குத் தட்டு விழுந்தால் உடைந்துபோகும், எங்கள் ஊரில் எத்தனை வீட்டுத் தட்டுகள் இடப்பெயர்வில் போயின! மிஞ்சியதையாவது ஒழுங்கான ஊசியால் கேட்போம். காட்ரிட்ஜுக்குப் பொருந்தும் 78 ஊசி தனியாக வாங்கலாம்.

பனங்காட்டு ஒலி:
சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாங்க வசதியில்லாதவன் கேட்கவே கூடாது என்று சொல்லாதீர்கள்.

கொக்குவிலான்:
மன்னிக்கவும், வேலையில் நின்றுவிட்டேன். டேர்ன்டேபிள் ஓடியோ டெக்னிக்கா எல்பி120எக்ஸ், அதோடு வந்த காட்ரிட்ஜ்தான். ஏஆர்டியில் பாட்டு ஓடும்போது சிவப்பு விளக்கு எரிகிறது, அது கறண்ட் விளக்குத்தானே?

வடலி78:
இல்லைத் தம்பி, ஒலி அளவு மீறுகிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது! இதை முதலே சொல்லியிருக்கலாம். உங்கள் டேர்ன்டேபிளுக்குள்ளேயே ஒரு பிறீஅம்ப் இருக்கிறது. பின்பக்கம் போனோ, லைன் என்று ஒரு விசை இருக்கும், அது லைனில் நிற்கிறது என்று நினைக்கிறேன். காட்ரிட்ஜின் 4 மில்லிவோல்ட் நூறு மடங்கானால் 0.4 வோல்ட், அளவான கணக்கு. லைனில் உள்ளே இருக்கும் பிறீஅம்ப்பே பெருக்கிவிடுவதால் அது வெளியே வரும்போதே 200 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். அதை நூறு மடங்காக்கினால் 20 வோல்ட், எந்தச் சின்னப் பெட்டியாலும் முடியாது, அதுதான் கிழிகிறது. ஆர்ஐஏஏ திருத்தமும் இரண்டு தடவை விழுகிறது: 50 ஹேர்ட்ஸில் 17 டெசிபெல் தேவையில்லாமல் கூடுகிறது, 10,000இல் 14 அளவு குறைகிறது. அடி இடிப்பதும் குரல் அடைப்பதும் அதனால்தான். அம்பிளிபயரை நிறுத்திவிட்டு விசையைப் போனோ பக்கம் தள்ளுங்கோ.

கொக்குவிலான்:
லைனில்தான் நின்றது. தள்ளினேன். சிவப்பு விளக்கு இல்லை, குரல் தெளிந்துவிட்டது. மூன்றாவது வாங்கவில்லை. 78களை எடுத்து வைத்துவிட்டேன், ஊசி வரட்டும். நன்றி அண்ணை.

செம்மண்:
சந்தோசம். இப்போது இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டீர்களா? ஏஆர்டியா, ரீகாவா, அப்பாவுக்கு எது பிடித்தது?