க்ளவுடில் இருக்கும் ஃபுட்டேஜை எப்படி எடிட் பண்ணுகிறீர்கள்? நம் கடற்கரைப் பக்க அனுபவங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து:

கல்யாணம், முளைப்பாரி, மாதா கோயில் திருவிழா எல்லாம் ஷூட் பண்ணுவது இங்கே. எடிட்டர் இருப்பது மதுரையில். முன்பு ஹார்டு டிஸ்க் பஸ்ஸில் போகும், இப்போது க்ளவுடில் போகிறது. க்ளவுடுக்கு மாறினாலே வேகம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். 4கே-வில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிட்ரேட்டில் எடுத்தால் ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 45 ஜிபி. அப்லோடு 10 எம்பிபிஎஸ்தான் கிடைக்கிறது என்றால், நடுவில் அறுபடாமல் போனாலே 10 மணி நேரம் ஆகும். இரண்டு கேமரா வைத்தால் அதற்கு இரட்டிப்பு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம் நிற்கும்போது மொபைல் நெட்டை நம்புவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால் நாங்கள் ஒரிஜினலை அனுப்புவதையே விட்டுவிட்டோம். 2022-ல் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் 18-ஆம் பதிப்பு வந்தபோது கூடவே ப்ராக்ஸி ஜெனரேட்டர் என்று ஒரு தனி ஆப் வந்தது. ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும், கார்டை அதில் காப்பி பண்ணப் பண்ண அதுவே ப்ராக்ஸியை, அதாவது எடிட் பண்ணும்போது ஒரிஜினலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் சின்ன ஃபைல்களைத் தயாரித்து, 'ப்ராக்ஸி' என்ற துணை ஃபோல்டரில் போட்டுவிடும். ப்ராக்ஸி 10 எம்பிபிஎஸ் அளவில் இருந்தால் அதே ஒரு மணி நேரம் 4.5 ஜிபிதான். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் எடிட்டர் கையில் இருக்கும். அவர் வெட்டி முடித்ததும் திரும்பி வருவது எங்கே வெட்டினார் என்ற குறிப்புள்ள ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும், அது சில எம்பிதான். ஒரிஜினல் இங்கேயே இருப்பதால் ஃபைனல் ரெண்டரும் (முடிந்த வீடியோவாக வெளியே எடுப்பது) இங்கேயே. பேக்கப்புக்காக ஒரிஜினல் மெதுவாக மேலே ஏறட்டும், அதற்கு அவசரமில்லை.

கீழக்கரையிலிருந்து:

நான் எடிட் பண்ணுவது பிரீமியர் ப்ரோ சாஃப்ட்வேரில். நிக்காஹ் முடிந்த ராத்திரியே துபாயிலிருந்து "காக்கா, ஹைலைட்ஸ் எப்ப வரும்?" என்று போன் வந்துவிடும்.

என் கணினியில் க்ளவுட் ஃபோல்டர் சாதாரண டிரைவ் மாதிரியேதான் தெரியும். அதை நம்பி நேராக டைம்லைனில் இழுத்துப் போட்டால் விக்கி விக்கித்தான் ஓடும். ஸ்ட்ரீம் முறையில் ஃபைல் கணினியில் இருப்பதே இல்லை, தொடும்போதுதான் இறங்குகிறது. அன்றைக்கு வேண்டிய ஃபோல்டரை மட்டும் 'ஆஃப்லைனில் கிடைக்கும்படி' வைத்து, முழுதாக இறங்கிய பிறகு பிரீமியரைத் திறப்பேன். மீடியா கேஷை (பிரீமியர் தானாக உருவாக்கிக்கொள்ளும் தற்காலிக ஃபைல்கள்) கணினிக்குள்ளே இருக்கும் எஸ்எஸ்டி-யில் வையுங்கள். தவறியும் அதை ஸிங்க் ஆகும் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை அது ஏற்றிக்கொண்டே இருக்கும், உள்ள நெட்டையும் தின்றுவிடும்.

ப்ராக்ஸி செய்த பிறகு ஒரிஜினலின் பெயரை மாற்றக்கூடாது. ஆடியோ சேனல் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இணைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒரே ப்ராஜெக்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்கவும் வேண்டாம்.

மண்டபத்திலிருந்து:

வெட்டி ஒட்டும் வரைக்கும் ப்ராக்ஸி சரி. கலர் கரெக்‌ஷனுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மன்னார் வளைகுடாவில் தண்ணீருக்கடியில் பவளப்பாறை எடுக்கிறோம். கொஞ்சம் ஆழம் போனாலே சிவப்பு முதலில் காணாமல் போய்விடும். நிற அளவுகள் அதிகம் பதியும் 10-பிட்டில் எடுத்தால்தான் அதைத் திரும்பக் கொண்டுவர இழுக்க முடியும். 8-பிட் ப்ராக்ஸியில் இழுத்தால் நீலம் பட்டை பட்டையாக உடையும். தங்கச்சிமடத்து அண்ணன் போல ரெண்டர் இங்கே என்றால், கலரும் இங்கேதான் பார்க்க வேண்டும். வெளியூரில் பார்ப்பதாக இருந்தால், ரிசால்வின் மீடியா மேனேஜ்மென்டில் டைம்லைனில் பயன்படுத்திய க்ளிப்புகளை மட்டும் பிரித்துக் காப்பி எடுத்து அனுப்பலாம். எடுத்ததில் பெரும்பகுதி டைம்லைனுக்கு வருவதே இல்லையே.

பாம்பனிலிருந்து:

கரண்ட் போனால் அப்லோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. என்ன செய்வது?

தங்கச்சிமடத்திலிருந்து:

பிரௌசரில் இழுத்துப் போடுகிறீர்களா தம்பி? டெஸ்க்டாப் ஆப் வழியாக அனுப்புங்கள், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரவுட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். அப்புறம், நீளமாக ஒரே க்ளிப்பாக எடுக்காமல் சடங்குக்குச் சடங்கு நிறுத்தி எடுங்கள். அறுந்தாலும் ஒரு சின்ன ஃபைலோடு போகும்.