யார் கபடி ஆடலாம்னு உங்க ஊர்ல முடிவு பண்ணது யாரு?

எங்க ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய் வத்தினதும் அந்தப் பொட்டல்ல பசங்களும் பொம்பளப் பிள்ளைங்களும் சேர்ந்துதான் சடுகுடு ஆடுவோம். குச்சியால இழுத்த கோடு, மூச்சு இருக்கிறவரை பாட்டு, அவ்வளவுதான் சட்டம். நான் பெரியமனுஷி ஆனதோட அது நின்னுபோச்சு. வீட்ல யாரும் தடுக்கக்கூட இல்ல. சடங்கு முடிஞ்சு பொட்டலுக்குப் போனப்ப, கூட ஆடின பசங்களே "நீ இனிமே வரக்கூடாதுல்ல?"ன்னு கேட்டாங்க.

1996ல, ஒன்பதாவது படிக்கிறப்ப, விளையாட்டு டீச்சர் வீட்டுக்கே வந்தாங்க. அப்பாகிட்ட ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மாவட்ட சர்ட்டிபிகேட், காலேஜ்ல விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வே வேலைன்னு பேசினாங்க. அப்பா ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "டவுசர் போடணுமா?"ன்னு மட்டும் கேட்டார். அப்பத்தா அழ ஆரம்பிச்சிட்டாங்க. "முழுக்கால் பேண்ட் போட்டுக்கட்டும்ணே, நான் பாத்துக்கிறேன்"னாங்க டீச்சர். அந்த ஒரு பேண்ட்டாலதான் நான் மறுபடி ஆடினேன்.

போட்டிக்குப் போனா ஆம்பளைங்களுக்கு 20 நிமிஷப் பாதி, எங்களுக்கு 15. களமும் எங்களுக்குச் சின்னது. பொட்டல்ல அதே கோட்டுக்குள்ள பசங்களைப் பிடிச்சுக் கவுத்தவ நான். எனக்கு எதுக்கு இந்தச் சலுகைன்னு கோவமா வந்துச்சு. ஆசியப் போட்டியில ஆண்கள் கபடி 1990ல பெய்ஜிங்ல வந்துடுச்சு. பெண்களுக்கு 2010 குவாங்சோ வரைக்கும் ஆச்சு. எங்க வயசுக்காரிங்க ஆடி முடிச்சு, பிள்ளை பெத்து, ஓய்ஞ்சும் போயிட்டோம்.

2018ல ஜகார்த்தா இறுதிப் போட்டியை டிவில பாத்தேன். ஈரான் பெண்கள் தலையை மூடி, முழுக்கைச் சட்டையோட இறங்கி, 27-24ன்னு நம்மளை ஜெயிச்சாங்க. அவங்க பயிற்சியாளர் ஷைலஜா ஜெயின், நாசிக்காரங்க. தோத்தது நாமதான், ஆனா எனக்கு டீச்சர் வாங்கிக் குடுத்த அந்தப் பேண்ட் ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு.

உங்க ஊர்ல எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க.

———

அக்கா, உங்களுக்கு வயசும் துணியும். எங்க ஊர்ல தெரு.

பொங்கல் கபடிக்குத் தெருப் பேர்லதான் டீம். காலனிப் பசங்க பேர் குடுக்க வந்தா "டீம் நிறைஞ்சிடுச்சு"ன்னு அனுப்பிடுவாங்க. இத்தனைக்கும் கிரிக்கெட்டுக்கு அதே பசங்களைச் சேத்துக்குவாங்க. கபடின்னா கட்டிப் பிடிக்கணும், மேல விழணும், அடுத்தவன் வேர்வை நம்ம மேல ஒட்டும். காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்ல.

ஸ்கூல் டீம்ல கார்னர்ல நானும் காலனியிலேர்ந்து வந்த என் நண்பனும் கை கோத்துத்தான் நிப்போம். அவன் கணுக்காலைப் பிடிச்சா நான் இடுப்பைப் பிடிப்பேன். அந்தப் பொங்கலுக்கு அவன் கயித்துக்கு வெளிய நின்னு பாத்தான். நான் உள்ள ஆடினேன். பரிசா ஒரு எவர்சில்வர் குடமும் வாங்கினேன். ஆடமாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல.

———

தம்பி, அவர் அப்புறம் ஆடினாரா?

———

ஆடினான்க்கா. போலீஸ்ல சேந்து அங்க டீம்ல ஆடினான். எங்க ஊர்ப் பொங்கலுக்கு மட்டும் ஒரு தடவைகூட இறங்கல. போன வருஷம் கமிட்டியில நானே போய்க் கூப்பிட்டேன். "முட்டி போச்சுடா"ன்னான்.