ஃபாயிலுக்கு ‘ஒட்டுரேக்கு’: கார் மாதிரி வேலைக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

1/25 அளவு பிளாஸ்டிக் கார் மாதிரிகளுக்கான நம் சொற்பட்டியலில் ‘பேர் மெட்டல் ஃபாயில்’ என்பதற்கு எதிரே ‘உலோகத் தகடு’ என்று இருக்கிறது. இதைப் படிக்கிறவர் தகரம் வெட்டும் கத்தரியைத் தேடிப் போவார். பொருளோ பின்புறம் பசை தடவிய, ஊதினால் பறக்கிற அலுமினியத் தாள். நிஜக் காரில் சன்னல் விளிம்பு, கூரையோர மழைநீர்க் காடி என்று பளபளக்கும் இடங்களைக் காட்ட, மாதிரியில் வண்ணம் அடித்த பிறகு ஒட்டுவது.

‘ஒட்டுரேக்கு’ என்று மாற்றலாம் என்கிறேன். தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு எழுப்பிய இடங்களின் மேல் ஒட்டுவதைத் தங்க ரேக்கு என்றே சொல்கிறார்கள். புடைப்பின் மேல் மெல்லிய உலோகத்தைப் படியவைப்பதுதான் இங்கும் வேலை.

மடல் 2

ரேக்கு தெலுங்கு வழி வந்த சொல். ‘மென்தகடு’ போதாதா? ‘படலம்’ கூட இருக்கிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் பட்டியல் அமெரிக்கச் சிக்கனக் கார்களுக்கானது: ஃபால்கன், வேலியன்ட், கிரெம்லின் (Gremlin), பின்டோ. காடிலாக் போன்ற சொகுசுக் காரின் மாதிரியைச் செய்கிறவர்களுக்குச் சரி, குரோமே அரிதான இந்த வண்டிகளுக்கு இத்தனை விவாதம் தேவையா?

மடல் 3

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குரோம் குறைவாக இருப்பதால்தான் கவனம் கூடுதலாக வேண்டும். சிக்கனக் காரில் எந்தத் தரம் என்பதை அந்தக் கொஞ்சப் பளபளப்பே சொல்லிவிடும். 1960 வேலியன்டில் வி-100 மலிவுப் பதிப்பு, வி-200-இல் அலங்காரம் அதிகம். அச்சில் வார்த்த உடலில் புடைத்திருக்கிற கோட்டுக்கெல்லாம் ரேக்கு ஒட்டிவிட்டால், மலிவுப் பதிப்பு செய்ய நினைத்தவர் கையில் விலைகூடிய பதிப்பு வந்து நிற்கும். வேண்டாத கோட்டை வண்ணத்துக்கு முன்பே உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

கிரெம்லினில் இது இன்னும் நுணுக்கம். 1970 ஏப்ரல் 1 அன்று வெளிவந்த அந்த வண்டி, ஹார்னெட் என்ற காரின் 108 அங்குல முன்பின் சக்கர இடைவெளியை 96 ஆக வெட்டிச் செய்தது. 1/25-இல் 97.5 மில்லிமீட்டர் வர வேண்டும். அளந்து பார்த்துவிட்டு அடிச்சட்டத்தை ஒட்டுங்கள். அதன் ஆக மலிவான இருவர் பதிப்பில் பின்னிருக்கை கிடையாது, பின்கண்ணாடியும் திறக்காது. அந்தப் பதிப்பைச் செய்கிறவர் இருக்கையை நீக்கினால் மட்டும் போதாது. கண்ணாடியின் கீல், கைப்பிடித் தடங்களைப் பட்டி வைத்து அடைத்த பிறகே விளிம்புக்கு ரேக்கு.

மென்தகடு வேண்டாம். எவ்வளவு மென்மையானாலும் தகடு தானாக நிற்கும், இது நிற்காது. படலம் என்றால் தெளித்துப் பூசியதோ என்று தோன்றும். ‘ஜிகினா’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் பளபளப்பைத்தான் சொல்கிறது, மெல்லிய தன்மையைச் சொல்லவில்லை. தெலுங்கு என்பதற்காக ரேக்கைத் தள்ளினால் பட்டறைச் சொற்களில் பாதி போய்விடும்.

மடல் 4

பெயர்ச்சொல்லோடு நிறுத்தினால் செய்முறை எழுதும்போது மறுபடி ஆங்கிலத்துக்குத்தான் ஓட வேண்டும். தேய்த்துப் படியவைக்கும் வினைக்கு ‘நீவல்’ வைக்கலாம். ஒட்டும் முறையையே எழுதிப் பார்க்கிறேன், சொல் தாங்குகிறதா என்று பாருங்கள்.

பிரைமருக்கு (வண்ணத்துக்கு அடியில் போடும் பூச்சு) முன்பு, புடைப்புக் கோட்டின் இரு ஓரங்களையும் கத்தியலகின் முதுகால் மெல்லக் கீறி ஆழப்படுத்துக. பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிரைமர், வண்ணம், மேல்பூச்சு என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது ஓரம் மழுங்கிவிடும். பிறகு கத்திக்கு வழிகாட்ட எதுவும் இருக்காது. எனாமல் என்றால் குறைந்தது ஒரு வாரம் காயட்டும். மூக்கருகே வைத்தால் வாசனை வருகிற வரை காயவில்லை.

கோட்டைவிட மூன்று நான்கு மடங்கு அகலமாக ரேக்கை அதன் அடித்தாளின் மேல் வைத்தே கீறி, மூலையை இடுக்கியால் தூக்கி எடுத்து, இழுக்காமல் மேலே கிடத்துக. பஞ்சுக்குச்சியால் கோட்டின் நீளவாக்கில் நீவுக; குறுக்கே நீவினால் சுருக்கம் விழும். பள்ளத்துக்குள் இறக்கப் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனை. பிறகு புது அலகு, அழுத்தமே இல்லாமல் இரண்டு மூன்று முறை. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் அடியிலுள்ள வண்ணமும் கிழியும். ரேக்கு வெட்டுப்படாமல் ரம்பப் பல்போலக் கிழிந்தால் அலகு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். உரிக்கும்போதே துண்டு துண்டாக வந்தால் ரேக்கு பழசு. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதுத் தாள் எடுங்கள்.

இரண்டு ரேக்குத் துண்டுகளின் இணைப்பைக் கதவிடுக்கிலோ மூலையிலோ வைத்துச் சற்று மேலேற்றி நீவினால் கண்ணுக்குத் தெரியாது. மிஞ்சிய பசைக்கு லைட்டர் பெட்ரோல் தொட்ட பஞ்சு. காய்ந்த எனாமல் தாங்கும்; அக்ரிலிக் என்றால் அடிப்பக்கத்தில் சோதித்துவிட்டுத்தான்.

மடல் 5

நீவல் நன்றாக உட்காருகிறது. மென்தகட்டை விட்டுவிட்டேன். (தெலுங்குப் புகார் புகாராகவே இருக்கட்டும்.)

ஆனால் பெயர் எழுத்துகளுக்கு வேலை தலைகீழ். முன்சக்கர மேற்காப்பில் உள்ள பொடி எழுத்தைக் கத்தியால் சுற்றி வெட்டவே முடியாது. பிரைமருக்குப் பின் எழுத்தின்மேல் சின்னச் சதுரம் ஒட்டி, நன்றாக நீவி, அதன் மேலேயே வண்ணம் அடிப்பார்கள். வண்ணம் முழுக்க இறுகுமுன், தின்னரில் தொட்டுப் பிழிந்த துணியை விரலில் இறுக்கிச் சுற்றி எழுத்தின் முகட்டை மட்டும் தடவினால் வெள்ளி எழும்பும். துணி ஈரமாக இருந்தால் பள்ளத்து வண்ணமும் கரைந்து சதுரம் முழுக்கத் தெரிந்துவிடும். மேல்பூச்சு இதற்கெல்லாம் பிறகு. இதற்கு என்ன பெயர்?

மடல் 6

‘அடிரேக்கு’. வண்ணத்தின் மேல் ஒட்டுவது ‘மேல்ரேக்கு’. சொல் இப்படிக் கிளைவிடுவதால்தான் ஒட்டுரேக்குக்கு என் வாக்கு. வினையாக ‘ரேக்கிடு’.

பம்பர், சக்கர மூடி போல் பெட்டியிலேயே மின்னி வருகிற உறுப்புகளை இதில் சேர்க்காதீர்கள். அவை வெற்றிடத்தில் உலோகம் படியவைத்தவை. ‘குரோம் பூச்சு’ என்றே இருக்கட்டும். ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டாவிட்டால் பசை பிளாஸ்டிக்கைத் தொடாது, பம்பர் ஒருநாள் கையோடு வரும். உறுப்புகள் பெட்டியில் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய காயம் தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பொட்டு ரேக்கு. முழுப் பம்பரும் மோசம் என்றால் வீட்டு பிளீச்சில் ஊறவைத்துப் பூச்சை நீக்கலாம். அடியில் வழவழப்பான ஓர் அரக்குப் பூச்சு மிஞ்சும், அது பிளீச்சுக்கு அசையாது. அதற்கும் பட்டியலில் ஒரு சொல் வேண்டும். ‘அடியரக்கு’ என்று எழுதி வைக்கிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.