செல்லைச் சமன் செய்வதைவிட அதை அளப்பதுதான் கஷ்டமாக இருந்தது

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் என் நண்பர் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே சாமான் இழுக்கும் நாலு சக்கர மின்வண்டியின் பழைய ஈய பேட்டரி செத்துப்போனதும், லித்தியம் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டார். வண்டி பட்டறை வளாகத்தை விட்டு வெளியே வராது என்பதால்தான் ஒப்புக்கொண்டேன். சாலையில் ஓடும் மின்சைக்கிளிலோ பாதையில் ஓடும் ஸ்கூட்டரிலோ இந்த வேலையைச் செய்ய மாட்டேன். சைக்கிளுக்கு இஎன் 15194, ஸ்கூட்டருக்கு யூஎல் 2272 என்று இங்கே தரச்சான்று இருக்கிறது. பேட்டரியில் நாமே கைவைத்தால் அந்தச் சான்றுக்கு அர்த்தமில்லை, சட்டப்படியும் தப்பு.

வாங்கியது 16 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள், ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி. செல்லுக்கு 3.2 வோல்ட், வரிசையாகச் சேர்த்தால் 51.2. செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் நிறுத்தும் பிஎம்எஸ் போர்டு கடையிலேயே கிடைக்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று செல் செல்லாகப் பார்க்க ஆசைப்பட்டேன். அதனால் நானே செய்ய உட்கார்ந்தேன்.

முதலில் செய்தது, ஒவ்வொரு செல்லின் முனையிலிருந்தும் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைக் குறைத்து ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் போர்டில் அளந்தது. மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்தால் அந்தச் செல்லின் வோல்ட் கிடைத்துவிடும். காகிதத்தில் சரிதான். ஆனால் ஆர்டுயினோ அளப்பது 10 பிட்டில், அதாவது 1,024 படிகளில். 60 வோல்ட்டை அதில் அடைத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட். எனக்குத் தெரிய வேண்டிய வித்தியாசமோ 10 மில்லிவோல்ட். அதற்கு மேல் ரெசிஸ்டரின் 1 சதவீதப் பிழை வேறு, 50 வோல்ட்டில் அதுவே அரை வோல்ட். கீழே இருந்த செல்கள் ஒழுங்காகத் தெரிந்தன. 15-ஆவது செல் 3.9 என்று காட்டியது. மல்டிமீட்டரை வைத்தால் 3.31.

அதைத் தூக்கி வைத்துவிட்டு, 16 செல் வரை நேரடியாக அளக்கும் பிகியூ76952 சிப்பை ஆன்லைனில் வரவழைத்தேன். மற்ற எல்லாம் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் கிடைத்தன. சிப்புக்கு 48 கால்கள், காலுக்குக் கால் அரை மில்லிமீட்டர். பூதக்கண்ணாடி இல்லாமல் பற்றவைக்க முடியாது.

சமன் செய்வதற்கு, அதாவது எல்லாச் செல்லையும் ஒரே அளவு சார்ஜுக்குக் கொண்டுவர, எளிய வழியையே எடுத்தேன். வோல்ட் கூடிய செல்லின் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, மிச்சத்தைச் சூடாக்கி விரயம் செய்வது. 3.6 வோல்ட்டில் 109 மில்லிஆம்பியர் ஓடும், 0.4 வாட் சூடு வரும். முதலில் கால் வாட் ரெசிஸ்டர் போட்டேன். பத்தே நிமிடத்தில் கருகிய வாசம் வந்தது, போர்டு பழுப்பாகிவிட்டது. இப்போது இருப்பது 2 வாட்.

அப்புறம் வந்ததுதான் என்னை நிஜமாகவே அலைக்கழித்தது. 7-ஆவது செல்லை வடிக்க ஆரம்பித்தவுடன் அது குறைவாகத் தெரியும், 8 கூடுதலாகத் தெரியும். உடனே மென்பொருள் 8-ஐ வடிக்கும். பிறகு 7. நடு இரவு வரை பட்டறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் மாறி மாறி வடிந்தன, சமன் ஆகவே இல்லை. காரணம், இரண்டு செல்லுக்கும் பொதுவான சென்ஸ் ஒயரில், அதாவது வோல்ட்டை அளக்கும் ஒயரில், முனையை நசுக்கிப் பிடிக்கும் ஒரு கிரிம்ப் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே 0.2 ஓம் தடை. அதில் 109 மில்லிஆம்பியர் ஓடினால் 22 மில்லிவோல்ட் பொய். வடிப்பதை நிறுத்து, இரண்டு வினாடி பொறு, அள, பிறகு வடி என்று நிரலை மாற்றினேன். கிரிம்பையும் புதிதாகப் போட்டேன். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இந்த வகைச் செல் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டைக் காட்டும். நடுவில் சமன் செய்யப் போனால் தப்பான செல்லைத்தான் வடிப்பீர்கள். சார்ஜ் ஏறும்போது 3.4-ஐத் தாண்டிய பிறகுதான் உண்மை தெரியும். 2 ஆம்பியர்-மணி வித்தியாசத்தை 109 மில்லிஆம்பியரில் வடிக்க 18 மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதனால் முதலில் வரிசையில் வைத்தே முக்கால்வாசிக்கு மேல் ஏற்றினேன். பிறகு எல்லாச் செல்லையும் பக்கவாட்டில், பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணைத்து 3.65 வோல்ட்டில் விட்டேன். கரண்ட் அடங்க இரண்டு பகல் ஆனது. வீட்டுக்குக் கிளம்பும்போது அணைத்துவிட்டுத்தான் போனேன்.

சார்ஜரை நிறுத்த மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். அது கெட்டால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும், கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். நான் தனியாக ஒரு ரிலே, அதாவது காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், வைத்திருக்கிறேன்.

*

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் தம்பியின் சைக்கிள் நினைவுக்கு வந்தது. அவன் உணவு விநியோகம் செய்கிறான். 40 கிலோமீட்டர் ஓடிய பேட்டரி 15-க்கு இறங்கியதும், ஒரு கடையில் கொடுத்து "ரிப்பேர்" செய்து வாங்கி வந்தான். இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை. நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் ஆய்வகப் பணியாளர். அங்கே மணல் வாளியை அருகில் வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் திறந்தோம்.

36 வோல்ட், ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 10 செல் வரிசைகள். நாலாவது வரிசை மட்டும் 2.1 வோல்ட்டில் கிடந்தது. பேட்டரியின் மைனஸிலிருந்து வெளியே போகும் மைனஸுக்கு ஒரு தடித்த கம்பியை நேராகப் பற்றவைத்திருந்தார்கள். பிஎம்எஸ் பெட்டிக்குள் இருந்தது, ஆனால் எதையும் நிறுத்த முடியாது. வண்டி நடுவழியில் அணையாமல் இருக்க அதுதான் அவர்கள் கண்ட வழி.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சார்ஜர் 42 வோல்ட்டில் நிற்கும். நாலாவது வரிசை 3.3 வரைதான் ஏறுகிறது என்றால், மீதி ஒன்பதும் 38.7-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆளுக்கு 4.3 வோல்ட். 4.2-க்கு மேல் போகக்கூடாத செல்கள் அவை. அதை அவன் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு வாசல் பக்கம், அம்மா படுக்கும் அறைக்கு வெளியே, இரவு முழுக்கச் செருகி வைத்திருந்தான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவ்வளவு கீழே இறங்கிய செல்லுக்குள் செம்பு கரைந்திருக்கலாம், மறுபடி ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம் என்று ஆசிரியர் சொன்னார். அதனால் அந்தப் பேட்டரியை நாங்கள் சரிசெய்யவில்லை. வண்டி வாங்கிய இடத்திலேயே அதே மாடலில் புதிது வாங்கினோம். தம்பிக்கு ஒரு மாத வருமானத்தில் பெரிய பங்கு போனது. இப்போது பகலில், ஆள் விழித்திருக்கும்போதுதான் சார்ஜ்.

*

முதலில் எழுதியவர் சொன்ன சென்ஸ் ஒயர் விஷயத்தோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் துவாஸ் பட்டறையில் நான் செய்த போர்டு, காலையில் சரியாக இருக்கும். மத்தியானம் மழை பெய்தால் 11-ஆவது செல் மட்டும் 15 மில்லிவோல்ட் இறங்கும். செல்லை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் பார்த்தால் பற்றவைத்தபோது சிப்பின் கால்களுக்கு நடுவே தங்கிப்போன ஃபிளக்ஸ், அதாவது பற்றவைக்கத் தடவும் பசை. ஈரக்காற்றில் அது கரண்டைக் கசியவிட்டிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்தேய்ப்பானும் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மேலே பாதுகாப்புப் பூச்சு அடித்தேன். நேற்றும் நல்ல மழை. 11-ஆவது செல் மற்ற செல்களோடு ஒட்டியே நின்றது.