புதுப்பிப்பு: சென்னிமலைப் பாறையில் பார்த்த அந்தச் செடி

போன வாரம் போட்ட படம் ஞாபகம் இருக்குங்களா? சென்னிமலைப் பாறை இடுக்கில் இலையே இல்லாமல், நாலு பட்டையாக நின்ற செடி. பிரண்டை என்று பலர் சொன்னீர்கள். பிரண்டை கணுக்கணுவாகப் பற்றுக்கம்பி விட்டுப் படரும்; இது நிமிர்ந்து நின்று நுனியில் கூம்புகிறது. கள்ளியும் இல்லை. ஒடித்தால் பால் வரவில்லை, தண்ணீர்ச் சாறுதான்.

நேற்று அம்மிச்சியிடம் படத்தைக் காட்டினேன். "இது தெரியாதா கண்ணு? கள்ளிமுளையான். ஆடு மேய்க்கறப்பப் பறிச்சு அப்படியே திம்போம், புளிப்பா இருக்கும்" என்றார். தாவரவியலில் கரலுமா அட்சென்டன்ஸ். எருக்கின் குடும்பமாம்! காய்க்குள் பஞ்சு ஒட்டிய விதை என்றதும் நம்பினேன்.

துவையலுக்கு நாலு துண்டு கேட்கிறார். பூ விடட்டும், பார்த்துவிட்டுப் பறிக்கிறேன் என்றேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.