விமானத்தில் மருந்து தெளிக்கப் போகிறார்களாம், தண்ணீர்த் தோங்கை (பீப்பாயை) மூடினால் போதுமா?

லயத்துவீட்டுக்காரி:

வணக்கம். மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை சாமான் கடைச் சுவரில் மலாயில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த உலாட் புங்குஸ் என்ற பைப்புழு அதிகமாகிவிட்டதாம், வரும் வாரம் காலை ஏழு மணிக்கு விமானம் வந்து மருந்து தெளிக்குமாம், ஆபத்தில்லையாம். என்ன மருந்து என்று ஒரு எழுத்து இல்லை.

புழு இருப்பது உண்மைதான். எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கமே முதல் நிரை ஆரம்பிக்கிறது. மட்டைகள் நெருப்பில் வாட்டியதுபோல் பழுப்பாகி, ஈர்க்கு மட்டும் மிச்சம். ஓலைக்கு அடியில் சின்னச் சின்னப் பைகள் தொங்குகின்றன. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். காய்ந்த ஓலைத் துணுக்குகளை நூலால் கோத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. உள்ளேயிருந்த புழு தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டு சட்டென்று இழுத்துக்கொண்டது.

எனக்குப் பயம் புழுவைப் பற்றி இல்லை. என் அம்மா இதே தோட்டத்தில் இருபது வருஷம் முதுகில் பம்பு சுமந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்தவர். அன்றைக்கும் மண்டோர் (மேற்பார்வையாளர்) சொன்னது "தண்ணி மாதிரிதான்". அம்மாவின் நகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து விழுந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மருந்து 2020 ஜனவரி 1 முதல்தான் நம் நாட்டில் தடை. அம்மா அதற்கு நாலு வருஷம் முன்பே போய்விட்டார்.

வீட்டில் மழைத் தண்ணீர் பிடிக்கும் இரண்டு நீலத் தோங் இருக்கிறது. கொல்லையில் முருங்கை, பொன்னாங்கண்ணி, எட்டுக் கோழி. சின்னவனுக்கு ஆஸ்துமா. தோங்கை மூடி ஜன்னலை அடைத்தால் போதுமா, பிள்ளையை தெலுக் இந்தானில் அண்ணி வீட்டில் விட்டுவிடட்டுமா? கிராணியை (தோட்டத்துக் கணக்கரை) கேட்டால் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார். மேலே என்றால் ஆபீஸா ஆகாயமா தெரியவில்லை.

பழைய கிராணி:

தங்கச்சி, 31 வருஷம் செக்ரோல் (ஆள்பேர்ப் பதிவேடு) எழுதியவன் நான். உன் கிராணி சார்பாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், தாளில் தப்பு. இது வெளியிலிருந்து வந்த புழு இல்லை, இந்த மண்ணுடையது. வெளிநாட்டிலிருந்து வந்தது சிவப்புக் கூன்வண்டு. 2007-ல் திரங்கானு தென்னைகளில் தெரிந்தது. உலாட் புங்குஸை 2013-ல் அபாயகரப் பூச்சி என்று அரசிதழில் போட்டார்கள். அதனால் கட்டுப்படுத்துவது கட்டாயம். ஓலையில் பத்தில் ஒரு பங்கு போனாலே குலை மூன்றில் ஒரு பங்கு குறையலாம்.

விமானத்தில் இதற்குத் தெளிப்பது வழக்கமாக பி.டி., அதாவது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர். செம்பனை வாரியமே ஒன்று தயாரித்திருக்கிறது. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். புழுவின் குடல் காரம். அங்கே அது நஞ்சாகிறது. நம் வயிறு புளிப்பு, அதனால் அப்படி ஆகாது. வெயிலில் சில நாளில் செத்துவிடும், மழையில் கழுவிப் போய்விடும். அதனால்தான் காற்றில்லாத காலை நேரம் பார்க்கிறார்கள். குட்டிப் புழுவாக இருக்கும்போது அடித்தால்தான் பலன். பெட்டைக்கு இறக்கையே கிடையாது, பைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். குட்டிகள் நூல் விட்டுக் காற்றில் அடுத்த மரத்துக்குப் போகும். நேரம் தப்பினால் சுமார் மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை வந்து நிற்கும்.

ஒரு பழங்கதை. 1950, 60-களில் டி.டி.டி., டீல்ட்ரின் என்று பூச்சிமருந்துகளைக் கண்டபடி அடித்தார்கள். புழுவைத் தின்னும் பூச்சிகள்தான் முதலில் செத்தன, புழு பெருகியது. அடிப்பதை நிறுத்தியதும்தான் அடங்கியது. உங்கள் தோட்ட ரோட்டோரம் மஞ்சள் பூச்செடி வரிசையாக நட்டிருப்பார்களே, அழகுக்கு இல்லை. அந்த நல்ல பூச்சிகளுக்குச் சாப்பாடு.

ஆனால் பி.டி.தான் என்று நான் சொல்வதை நம்பாதே. டிரம் லேபிளைப் பார். பூச்சிமருந்து வாரியப் பதிவு எண் இருக்கும், கீழே கலர்ப் பட்டை இருக்கும். கறுப்பு என்றால் கொடிய விஷம், சிவப்பு அடுத்தது. அப்படி இருந்தால் விமானத்தை நிறுத்தச் சொல்லி எல்லோருமாகப் போய் நில்லுங்கள்.

கெலுலுட் தம்பி:

அண்ணே சொல்வது சரி, ஆனால் எல்லா இடத்திலும் பி.டி. இல்லை. எனக்கு 14 கெலுலுட் (கொடுக்கில்லாத தேனீ) பெட்டி இருந்தது. பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர் ஒரு சாயங்காலம் டிரோன் விட்டு சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பெட்டி வாசலில் கைப்பிடி கைப்பிடியாக, கடுகு கொட்டியதுபோல் செத்துக் கிடந்தன. மூன்று பெட்டிதான் பிழைத்தது. அவருக்கே நஷ்டம்தான். செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கிறதே சின்ன வண்டு, 1981-ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டது, அதுவும் அந்த மருந்துக்குத் தப்பாது.

அக்கா, பிள்ளையை அண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பி.டி.யாகவே இருந்தாலும் பனிப்புகை மாதிரி எது வந்தாலும் இளைப்புக்காரர்களுக்கு ஆகாது. ஓட்டில் விழுந்தது தோங்குக்குள் வரும், அதனால் முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள்.

சித்தியவான் டு சான் ஹோசே:

நான் இப்போது இருக்கும் கலிபோர்னியா சான் ஹோசேயிலேயே 1981-ல் பழ ஈயைக் கொல்ல ராத்திரியில் ஹெலிகாப்டரில் மாலத்தியான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். வந்த புதிதில் எதிர்வீட்டுப் பாட்டி சொல்லிக் கேட்டேன்: மருந்தில் பெயிண்ட் போய்விடும் என்று காரைப் போர்வை போட்டு மூடுவார்களாம், பிள்ளைகளை எதைப் போட்டு மூடுவது? அரசாங்கத்து ஆள் ஒருவர், பி.டி. காலின்ஸ் என்று பெயர் (உங்கள் மருந்தும் அதே பி.டி., என்ன பொருத்தம்!), எல்லோர் முன்னாலும் கலக்கிய மாலத்தியானை ஒரு கிளாஸ் குடித்துக் காட்டினார். யாருடைய பயம் அதில் போயிற்றோ.

2007-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சிக்காக மான்டரே, சான்டா குரூஸ் பக்கம் வானத்திலிருந்து தெளித்தார்கள். அது கொல்லும் மருந்துகூட இல்லை, ஆண் பூச்சியைக் குழப்பும் வாசனை. ஆனால் கூடக் கலந்தது என்ன என்று முதலில் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பேர் மூச்சிளைப்பு, கண் எரிச்சல் என்று புகார் கொடுத்தார்கள். 2008 ஜூனில் ஊர்களுக்கு மேல் தெளிப்பதை விட்டுவிட்டார்கள். அதனால் அக்கா, மருந்தின் பெயரோடு நிறுத்தாமல் கூடக் கலப்பது என்ன என்றும் கேளுங்கள்.

லயத்துவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் நாலு பெண்களாகப் போய் நின்றோம். கிராணி முனகிக்கொண்டே ஸ்டோரைத் திறந்தார். டிரம்மில் பேசிலஸ் என்று இருந்தது, பதிவு எண் இருந்தது, கறுப்பும் இல்லை சிவப்பும் இல்லை. படம் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் லேபிள் இல்லாத இரண்டு வெள்ளை கேன். "அது ஓலையில ஒட்டுறதுக்கு" என்றார். பேர் என்ன என்றேன். மறுபடியும் மேலே கேட்டுச் சொல்கிறாராம். சரி, வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறோம். அதுவரை தெளிக்கக் கூடாது என்று மலாயில் எழுதி எங்கள் லயத்தில் (வரிசை வீடுகளில்) 22 வீட்டிலும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

பிள்ளையை நாளைக்கு அண்ணி வீட்டில் விடுகிறேன். தோங்குக்கு மூடி கிடைக்கவில்லை, கோயில் தார்ப்பாயை இரவல் வாங்கிக் கட்டியிருக்கிறேன். கோழிகளை எங்கே அடைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.